பத்து கிராம் சன்னம்

என் மேசை லாச்சிக்குள் ஒரு சின்னத் தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் மூன்று சன்னங்கள், அதாவது துப்பாக்கிக் குண்டுகள். மூன்றும் சுட்டு முடிந்தவை, மூன்றையும் விலங்கின் உடம்பிலிருந்து நானே கத்தியால் எடுத்தேன். முதலாவது ஒரு பெரிய எல்க்கின் மறுபக்கத் தோலுக்கடியில் கிடந்தது, முன்பக்கம் காளான் மாதிரி வட்டமாக விரிந்து, அடிப்பாகம் அப்படியே இருக்க. துவக்கை விட்டுப் புறப்படும்போது 10.1 கிராம், எடுத்துக் கழுவித் தராசில் வைத்தபோது 9.6 கிராம். இரண்டாவது ஒரு செம்மான் பெட்டையின் தோளுக்குள் இருந்தது. அதைச் சன்னம் என்று சொல்வதே கஷ்டம், கசங்கிய செப்புத் தகடு ஒன்றுதான், 9.7 கிராமில் மிஞ்சியது 3.8. மூன்றாவது முழுச் செம்பு. நாலு இதழ் விரித்த பூப்போல இருக்கிறது, எடை குறையவே இல்லை.

எங்கள் ஆட்களின் பிள்ளைகளில் சிலர் இப்போது நோர்வேயில் வேட்டைத் தேர்வு எழுதுகிறார்கள். அவர்கள் தொலைபேசி எடுத்து, "அண்ணை, எல்க்குக்கு எந்தத் துவக்கு வாங்கலாம்?" என்று கேட்டால், நான் துவக்கைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, வீட்டுக்கு வாங்கோ என்று சொல்லி இந்தப் பெட்டியைத்தான் திறந்து காட்டுவேன். விலங்கைத் தொடுவது துவக்கு இல்லை. துவக்கு உங்கள் கையோடு நின்றுவிடுகிறது. அங்கே போய்ச் சேர்வது இந்தச் சின்ன உலோகத் துண்டுதான், அது என்ன எடை, எப்படிக் கட்டப்பட்டது, எந்த வேகத்தில் போய் எந்த எலும்பில் படுகிறது என்பதில்தான் அந்த விலங்கு அரை நிமிடத்தில் சாகுமா, இரண்டு நாள் காட்டுக்குள் கிடந்து சாகுமா என்பது இருக்கிறது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் துவக்கு என்பது துப்பாக்கி. சன்னம் என்பது குண்டு, அதாவது தோட்டாவின் நுனியில் இருந்து பறந்துபோகும் பகுதி மட்டும். எல்க் என்பது அமெரிக்கர் மூஸ் என்று சொல்லும் அந்தப் பெரிய மான். நான் வன்னியில் வளர்ந்தவன், எங்களுக்குக் காட்டில் பெரிய மான் என்றால் மரைதான், அதனால் வீட்டில் எல்க்கையும் பெரிய மரை என்றுதான் இன்றைக்கும் சொல்கிறோம். உண்மையில் நன்கு வளர்ந்த எல்க் காளை ஒன்று நானூறு, ஐந்நூறு கிலோ வரும், மரையைப்போல இரண்டு மடங்கு.

என் மாமா ஒருவரிடம் இடியன் இருந்தது. வாய்ப்பக்கத்தால் மருந்து கொட்டி, தேங்காய்த் தும்பு வைத்து இடித்து, அதற்குமேல் ஈயக் குண்டு போட்டு, திரும்பவும் தும்பு வைத்து இடிக்கும் பழைய துவக்கு. அவர் பன்றிக்கு ஒரு மாதிரி, மானுக்கு ஒரு மாதிரி இடிப்பார். பன்றிக்கு ஒரே பெரிய குண்டு, சின்ன மிருகத்துக்குச் சின்னக் குண்டுகள் கொஞ்சம். ஏன் என்று கேட்டால், "பன்றிக்குத் தோல் தடிப்பு, உள்ளே போகோணும்" என்பார். இன்றைக்கு ஆயிரக்கணக்கான பக்கத்தில் எழுதப்படும் விஷயம் அவ்வளவும் அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது.

நான் 1980களின் கடைசியில் நோர்வேக்கு வந்தேன், எங்கள் ஆட்கள் பலர் வந்த வழியில், முதலில் ஒரு ஃபோல்கஹோய்ஸ்கூலே விடுதிப் பள்ளி, பிறகு வடக்கே மீன் தொழிற்சாலை. அதற்குப் பிறகு கிழக்கே எல்க் காடுகள் உள்ள பக்கம் வந்து சேர்ந்தேன். வேலைத்தளத்தில் செப்டம்பர் கடைசி வந்தால் பாதிப் பேர் லீவு. 25ஆம் திகதி எல்க் வேட்டை தொடங்கும், ஊரே காட்டுக்குள் போய்விடும். ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் வேட்டைக்காரர் தேர்வு எழுதினேன்.

அந்தப் படிப்பில்தான் முதன்முதலாகச் சன்னத்தின் எடை சட்டத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தேன். நான் படித்த காலத்து விதி இதுதான்: எல்க், செம்மான் (ரெட் டீர்), கலைமான் (ரெயின்டீர்) போன்ற பெரிய விலங்குக்கு விரியும் சன்னம் கட்டாயம், எடை குறைந்தது 9 கிராம். 9க்கும் 10க்கும் இடையில் என்றால் 100 மீற்றர் தூரத்தில் 2700 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும். 10 கிராமுக்கு மேல் என்றால் 2200 ஜூல் போதும். ரோ மான் மாதிரிச் சின்னதுக்கு 980 ஜூல். பலர் இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள், எனக்கு அப்படி விட மனமில்லை. பாரம் கூடினால் ஏன் ஆற்றல் குறைய விடுகிறார்கள்? கனமான சன்னம் மெதுவாகப் போனாலும் ஆழமாகப் போகும் என்று இந்தச் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மாமாவின் "உள்ளே போகோணும்" சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

என் முதல் துவக்கு பழைய 6.5-55. நோர்வேயும் சுவீடனும் ஒரே அரசரின் கீழ் இருந்த காலத்தில், 1890களில், இரண்டு நாட்டு இராணுவத்துக்கும் பொதுவாகச் செய்த தோட்டா அது. விட்டம் ஆறரை மில்லிமீற்றர்தான், பென்சில் அளவுகூட இல்லை, அதை வைத்து நூறு வருடத்துக்கு மேலாக இங்கே எல்க் விழுத்துகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் சிநேகிதர் ஒருவர் இதை நம்பவே இல்லை, அங்கே இந்தத் தோட்டாவைச் சின்ன மானுக்குத்தான் நினைப்பார்களாம். இரகசியம் சன்னத்தில் இருக்கிறது. 6.5 விட்டத்தில் 10.1 கிராம் என்றால் அது நீளமான, மெல்லிய ஈட்டி. சன்னத்தின் எடையை அதன் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை வைத்து இதை ஒப்பிடுவார்கள். அமெரிக்க அளவில் இந்தச் சன்னத்துக்கு 0.320 வரும். அதேநேரம் பலர் பெருமையாகத் தூக்கிக்கொண்டு திரியும் 30-06 துவக்கில் 9.7 கிராம் சன்னம் போட்டால் 0.226தான். 11.7 கிராம் போட்டால் 0.271. விட்டம் பெரிது, சத்தம் பெரிது, தோளில் இடி பெரிது, ஆனால் ஒரே மாதிரிக் கட்டிய இரண்டு சன்னம் என்றால் ஒடுங்கி நீண்டது ஆழமாகப் போகும். ஊசியும் கட்டைவிரலும் துணியில் எப்படி இறங்குமோ அப்படி.

அப்புறம் அந்த 9, 10 கிராம் கணக்கு. 6.5-55இல் 10.1 கிராம் சன்னம் 100 மீற்றரில் செக்கனுக்கு 700 மீற்றர் வேகத்தில் போனால் ஏறத்தாழ 2470 ஜூல், 2200 என்ற கோட்டை வடிவாகத் தாண்டுகிறது. இன்னும் வேகம் வேண்டும் என்று 9.1 கிராமுக்கு மாறினால், 760 மீற்றர் வேகத்திலும் 2630தான், 2700ஐத் தொடவில்லை. ஆறரைத் துவக்கு வைத்திருப்பவர்கள் ஏன் ஒரே பிடியாக 10.1இல் நிற்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஆற்றல் என்று பேசும்போது ஒரு பிழையான எண்ணத்தை முதலில் தள்ளிவைக்க வேண்டும். சன்னம் விலங்கைத் தள்ளி விழுத்துவதில்லை. 11.7 கிராம் சன்னம் செக்கனுக்கு 800 மீற்றரில் வந்து 400 கிலோ எல்க்குக்குள் முழுதாகத் தங்கினாலும், அந்த எல்க் பின்னுக்கு நகரும் வேகம் செக்கனுக்கு இரண்டே கால் சென்ரிமீற்றர் அளவுதான். பள்ளிக்கூடத்தில் படித்த உந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விலங்கு விழுவது இரத்தம் மூளைக்குப் போகாமல் போவதால், அல்லது மூளை, முள்ளந்தண்டு நேரடியாக அடிபட்டால். வேட்டைக்காரர் குறி பார்ப்பது இரண்டு நுரையீரலும் இதயத்தின் மேற்பகுதியும் இருக்கும் இடம். அங்கே அகலமான ஓட்டை ஒன்று, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை வேண்டும். எல்க் என்றால் அந்த நெஞ்சின் குறுக்களவு அரை மீற்றருக்குக் கிட்ட, பக்கவாட்டாக நின்றால். சரிந்து நின்றால் இன்னும் கூட. நன்றாக அடிபட்ட எல்க்கே சிலவேளை ஒன்றும் நடக்காத மாதிரி நின்று பார்க்கும், ஐம்பது மீற்றர் நடக்கும், பிறகு முழங்கால் மடியும். முதன்முறை அதைப் பார்த்தபோது தவறிவிட்டது என்றே நினைத்தேன். எங்கள் குழுத் தலைவர் என் தோளில் கை வைத்து, அமைதியாய் இரு, இரண்டாவது தோட்டாவை ஏற்று, பார்த்துக்கொண்டிரு என்றார். அந்த முதலாவது சன்னம்தான் பெட்டிக்குள் இருக்கும் 9.6 கிராம்.

ஆழமாகப் போக வேண்டும், அகலமாகவும் கிழிக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. விரிந்தால் அகலம், ஆனால் விரிந்தது தடுக்கும். விரியாவிட்டால் ஆழம், ஆனால் ஓட்டை ஊசித்துளை. சன்னம் செய்பவர்களின் நூறு வருட வேலை முழுதும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் தேடியதுதான். பழைய முறை, செப்பு உறைக்குள் ஈயம், நுனியில் ஈயம் வெளியே தெரியும். நடுத்தர வேகத்தில் நல்ல வேலை செய்யும். வேகம் கூடக்கூட அது பிய்ந்து போகும். அமெரிக்கர் ஜோன் நோஸ்லர் 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு பூசிக் காய்ந்திருந்த ஒரு மூஸ் காளையைச் சுட்டபோது சன்னங்கள் உள்ளே இறங்காமல் உடைந்ததைக் கண்டார். ஊர் திரும்பி, உறைக்கு நடுவில் குறுக்கே ஒரு செப்புச் சுவர் வைத்தார். முன் அறையில் உள்ள ஈயம் விரியும், உடையும், பின் அறையில் உள்ளது சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து தள்ளிக்கொண்டு போகும். பார்ட்டிஷன் என்ற பெயரில் இன்றும் விற்கிறார்கள். ஒரு மனிதர் தான் விலங்குக்குச் செய்த பிழையை நினைத்து நினைத்துக் கடைந்து உருவாக்கிய சாமான் அது. எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்தது இதுதான், அவர் இன்னும் பெரிய துவக்கு வாங்கப் போகவில்லை, சன்னத்தைத் திருத்தினார்.

அடுத்தது உறையையும் ஈயத்தையும் பிரியாமல் ஒட்டிவிடும் முறை. இங்கே அதிகம் பேர் போடுவது இந்த வகைதான், சுவீடன் எல்லையோரம் ஓமோட்ஃபோர்ஸில் உள்ள நோர்மா தொழிற்சாலையின் ஓரிக்ஸ் என்றால் எந்த எல்க் குழுவிலும் ஒருவரிடமாவது இருக்கும். எலும்பில் பட்டாலும் பத்தில் ஒன்பது பங்கு எடையைக் கையோடு கொண்டுபோகும்.

இனி இரண்டாவது சன்னம். அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

சில வருடம் வேட்டையாடிய பிறகு ஒரு 30-06 வாங்கினேன். மேற்குக் கரையோரம் ஒரு சிநேகிதர் செம்மான் வேட்டைக்குக் கூப்பிட்டார். அங்கே மலைச்சரிவில் இருநூறு மீற்றர் தாண்டிச் சுட வேண்டி வரும் என்று யாரோ சொன்னதை வைத்து, நுனியில் பிளாஸ்ரிக் முனை வைத்த, உறை மெல்லிய, 9.7 கிராம் வேகச் சன்னம் ஒன்று வாங்கிப் போனேன். பேப்பரில் அது அற்புதமாகச் சுட்டது. ஐந்து குண்டும் ஒரு நாணயத்துக்குள். தூரத்தில், வேகம் குறைந்த பிறகும் விரிய வேண்டும் என்று மென்மையாகக் கட்டிய சன்னம் அது. நான் இருந்த இடத்தில், அந்தி இருளில், பெட்டை ஒன்று முப்பத்தைந்து மீற்றரில் வந்து நின்றது. கொஞ்சம் முன்பக்கம் திரும்பி நின்றது, நான் தோளில் வைத்தேன். சன்னம் செக்கனுக்கு 860 மீற்றர் அளவு வேகத்தில் தோள் எலும்பில் பட்டு அங்கேயே வெடித்து உதிர்ந்துவிட்டது. வெளியே பார்க்கப் பெரிய பயங்கரமான காயம், உள்ளே நுரையீரலுக்கு ஒரு சின்னத் துண்டுகூட ஒழுங்காகப் போகவில்லை. அது மூன்று காலில் ஓடிப் போய்விட்டது.

இங்கே அடிபட்ட விலங்கைத் தேடப் பழக்கிய நாய் ஒன்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது விதி. நாய்க்காரர் இரவு வந்தார். நானும் பின்னால் போனேன். மூன்றரை மணித்தியாலம். ஓடையைத் தாண்டி, பிர்ச் மரங்களுக்குள் அது படுத்திருந்தது, தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாய்க்காரர் முடித்துவைத்தார். அவர் என்னைத் திட்டவில்லை. தோலை உரிக்கும்போது தோளுக்குள் இருந்து அந்தச் செப்புத் தகட்டை எடுத்து என் கையில் வைத்து, "இது நல்ல சன்னம், நரிக்கு" என்று மட்டும் சொன்னார். அந்தக் கண் என்னை நெடுநாள் விடவில்லை.

சட்டப்படி நான் ஒரு பிழையும் செய்யவில்லை. 9 கிராமுக்கு மேல், 2700 ஜூலுக்கு மேல், விரியும் சன்னம், எல்லாம் சரி. சட்டம் குறைந்தபட்சத்தைத்தான் சொல்லும். எடை ஒரு பக்கம், கட்டுமானம் மறுபக்கம், படும் வேகம் மூன்றாவது, இந்த மூன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டியது நான். வேகச் சன்னம் கிட்டத்தில்தான் ஆபத்து என்பது பலருக்குத் தலைகீழாகப் படும். கிட்ட என்றால் பலம் கூடத்தானே என்பார்கள். பலம் கூடத்தான், அந்தப் பலம் விலங்கைவிட முதலில் சன்னத்தையே உடைக்கிறது.

எதிர்ப்பக்கப் பிழையும் செய்திருக்கிறேன். ரோ மான் இருபது, முப்பது கிலோ. ஆகஸ்ட் 10 தொடங்கிக் கிடாய்க்கு அனுமதி. எல்க்குக்கு வைத்திருந்த கடினமான சன்னத்தாலேயே ஒன்றை நூற்றைம்பது மீற்றரில் விலாவுக்குப் பின்பக்கமாகச் சுட்டேன், எலும்பு ஒன்றும் குறுக்கே வரவில்லை. சன்னம் விரிய ஆரம்பிக்கும் முன்னரே மறுபக்கம் போய்விட்டது. கிடாய் நூற்றிருபது மீற்றர் ஓடி அடர்ந்த பற்றைக்குள் விழுந்தது, இரத்தச் சுவடே இல்லை. கண்டெடுத்தேன், அது நல்ல காலம். இருபது சென்ரிமீற்றர் அகல உடம்புக்கு, உடனே விரியும் மென்மையான சன்னம்தான் சரி. இறைச்சி கொஞ்சம் கெடும், அதற்காகத் தோளைத் தவிர்த்து விலாவில் வைத்தால் போதும்.

கலைமான் வேறு கதை. உயர்ந்த மலைவெளி, மரம் இல்லை, காற்று, கூட்டமாக நூற்றுக்கணக்கில் நகரும். உடம்பு அப்படிப் பெரிதில்லை, பெட்டை எழுபது கிலோ, காளை அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கே ஆழமாகப் போகும் சன்னமே கேடாகிவிடும். நான் முதன்முறை ஹர்டங்கர்விட்டா மலைவெளிக்குப் போனபோது எனக்கு வல்வில் ஓரிதான் நினைவுக்கு வந்தார். ஒரே அம்பு யானையை ஊடுருவி, புலி, மான், பன்றி எல்லாம் தாண்டி, புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று சின்ன வயதில் படித்துப் பெருமைப்பட்டிருக்கிறோம். கலைமான் கூட்டத்துக்கு முன்னால் படுத்திருக்கும் ஒருவருக்கு அதுதான் மிகப் பெரிய பயம். நீங்கள் சுட்டது விழும், அதற்குப் பின்னால் நின்ற இன்னொன்றின் வயிற்றில் அதே சன்னம் போய்ப் பட்டது உங்களுக்குத் தெரியவே தெரியாது, கூட்டம் ஓடிவிடும். அதற்குச் சன்னத்தில் முழுத் தீர்வு இல்லை. கொஞ்சம் கூடுதலாக விரிவதை எடுத்துக்கொள்ளலாம், ஆனாலும் பல சமயம் ஊடுருவித்தான் போகும். பின்னால் ஒன்றும் நிற்காதவரை விரலை எடுத்து வெளியே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இரண்டு நாள் காத்திருந்து ஒன்றும் சுடாமல் இறங்கி வந்திருக்கிறேன்.

விரியாத சன்னம் ஒன்றும் இருக்கிறது, முழு உறை போட்டது. இங்கே அது மரஉச்சியில் குந்தியிருக்கும் காட்டுக்கோழிக்கு, பனிக்காலத்தில். பறவையின் இறைச்சி சிதையாமல் சின்னத் துளையோடு விழும். பெரிய விலங்குக்குத் தடை. ஆபிரிக்காவில் நிலைமை மாறும், யானையின் மண்டையோட்டுக்குள் மூளைவரை போக விரியாத சன்னம்தான் வேண்டும். நூறு வருடத்துக்கு முன் வால்டர் பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் நூற்றுக்கணக்கான யானைகளை 7 மில்லிமீற்றர் துவக்கால், நீளமான முழு உறைச் சன்னம் போட்டு விழுத்தினார். அத்தனை யானை செத்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை, ஆனால் விட்டத்தைவிடக் கட்டுமானமும் நீளமும் குறியும் முக்கியம் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

முழு உறைச் சன்னத்தை எனக்கு வேறு இடத்திலிருந்தும் தெரியும். வன்னியில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டுச் சுவரில், தென்னையில், பள்ளிக்கூடக் கரும்பலகையில் அதன் துளையைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். விரியும் சன்னத்தைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899இல் ஹேக்கில் நாடுகள் பிரகடனம் செய்தன. அதற்குக் காரணமான சன்னம் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம் ஆயுதத் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் இராணுவத்துக்காகச் செய்தது, அதனால்தான் டம்டம் குண்டு என்று பெயர். மனிதனுக்கு எது தடையோ அதையே விலங்குக்குக் கட்டாயம் என்கிறது வேட்டைச் சட்டம். தேர்வுக்குப் படிக்கும்போது அந்தப் பக்கத்தில் நான் கனநேரம் நின்றுவிட்டேன். போரில் காயப்பட்டவரைத் தூக்கிப் போய்க் காப்பாற்ற யாராவது இருப்பார்கள் என்ற எண்ணம் அந்தப் பிரகடனத்துக்குப் பின்னால் இருக்கிறது. காயப்பட்ட எல்க்கைத் தூக்கிப்போக யாரும் இல்லை. அதற்கு அந்த ஒரு சூட்டோடு முடிய வேண்டும். அப்படித்தான் நான் எனக்கு விளங்கப்படுத்திக்கொண்டேன்.

செம்புக்கு நான் மாறியது விலங்குக்காக இல்லை, என் மகளுக்காக. அவள் கர்ப்பமாக இருந்த வருடம் வழக்கம்போல அரைத்த எல்க் இறைச்சி பத்துப் பொதி அனுப்பினேன். அடுத்த நாள் தொலைபேசியில், "அப்பா, இதை இப்ப நான் சாப்பிடலாமா?" என்று கேட்டாள். அப்போதுதான் தேடிப் படித்தேன். ஈயச் சன்னம் விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகளாகவும் சிதறும், காயத்திலிருந்து கையளவு தூரம் தாண்டியும் இறைச்சிக்குள் இருக்கும், எக்ஸ்ரே எடுத்தால் பனித்தூறல் மாதிரித் தெரியும். அரைக்கும்போது அது எல்லாவற்றிலும் கலந்துவிடும். வளரும் குழந்தையின் மூளைக்கு ஈயம் எவ்வளவு குறைந்தாலும் நல்லதில்லை. காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியச் சொல்கிறார்கள், நாங்கள் ஒரு நாளும் அவ்வளவு வெட்டியதில்லை. பத்துப் பொதியையும் திரும்ப வாங்கினேன்.

சரி, செம்புச் சன்னம் வாங்கினால் போதுமா என்றால், இல்லை. அதன் போக்கே வேறு. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பு 8.9. அதனால் ஒரே எடைக்குச் செம்புச் சன்னம் நீளம் கூட, நீளம் கூடினால் துவக்குக் குழாயின் உட்புரி அதை நிலையாகச் சுழற்றப் போதாமல் வரலாம். ஆகவே ஒரு படி எடை குறைத்து எடுப்பார்கள். எடை இழக்காததால், குறைந்த எடையிலும் ஈயச் சன்னம் போகும் ஆழத்துக்குப் போகும், அது சரி. ஆனால் என் அருமையான 6.5-55க்கு இதில் சிக்கல். அதில் செம்புக்குப் பொருத்தமான எடை எட்டு கிராம் சொச்சம், நான் மாறிய காலத்து விதி 9 கேட்டது, 9 போட்டால் 2700 ஜூல் கேட்டது. அந்தத் துவக்கை அலுமாரிக்குள் வைக்க வேண்டியதாயிற்று. மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. 30-06ஐ எடுத்து 10.9 கிராம் செம்பு போட்டேன், அதுதான் பெட்டிக்குள் இருக்கும் நாலு இதழ்.

இன்னொன்று, செம்பு விரிய வேகம் வேண்டும். ஈயம் மென்மை, மெதுவாகப் பட்டாலும் நசியும். செம்பு அப்படி இல்லை. செக்கனுக்கு 600 மீற்றருக்குக் கீழே வந்தால் நான் அதை நம்புவதில்லை. என் துவக்கில் அது இருநூற்றைம்பது மீற்றருக்கு மேல் சுடாதே என்பதுபோல, எனக்கு அது போதும், காட்டுக்குள் நான் சுடுவது பெரும்பாலும் எண்பது மீற்றருக்குள். வேறுபாடு குறி வைப்பதிலும் உண்டு. ஈயத்தோடு நுரையீரலின் நடுவில் வைத்துப் பழகியவன், செம்போடு கொஞ்சம் முன்னுக்கு, தோளை ஒட்டி வைக்கிறேன். எலும்பு அதற்குப் பயமில்லை, எலும்பு இருந்தால் இன்னும் ஒழுங்காக விரிகிறது.

கனமான சன்னம் என்றால் பற்றை, சுள்ளி எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டு நேராகப் போகும் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து நம்ப வேண்டாம். விரல் மொத்தச் சுள்ளி எந்தச் சன்னத்தையும் திருப்பும். வெளி கிடைக்கும்வரை பொறுங்கள்.

பிள்ளைகள் கடைசியாகக் கேட்பது, ஒரு நாளில் என்ன வரும் என்று தெரியாதே, எதற்கு ஏற்றமாதிரிச் சன்னம் போடுவது என்று. எல்க் குழுவுக்கு அனுமதிப் பட்டியல் இருக்கும், இத்தனை கன்று, இத்தனை பெட்டை, இத்தனை காளை. கன்றும் தாயும் சேர்ந்து வந்தால் கன்றைத்தான் முதலில் சுட வேண்டும், தாயில்லாக் கன்று பனியில் தவிக்கக் கூடாது. அறுபது கிலோ இறைச்சி தரும் கன்றுக்கும் அதன் பின்னால் வரும் காளைக்கும் துவக்கில் இருப்பது ஒரே தோட்டாதான். அன்றைக்கு அந்தக் காட்டில் வரக்கூடிய மிகப் பெரிய விலங்கு, அது மிக மோசமாக நிற்கும் நிலை, அதற்குத் தகுந்ததைப் போடுங்கள். கன்று அதே சன்னத்தால் பத்து மீற்றர் கூடுதலாக ஓடும், அது பரவாயில்லை. காளை உடைந்த சன்னத்தோடு பத்துக் கிலோமீற்றர் போவது பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ரோ மானுக்கு மட்டும் போகும் நாளுக்கு வேறு பெட்டி வைத்திருங்கள், ஆனால் மாற்றினால் திரும்பக் குறி சரிபார்க்காமல் காட்டுக்குப் போகாதீர்கள். எடை இரண்டு கிராம் மாறினாலே குண்டு படும் இடம் கைவிரல் அகலம் தள்ளிப்போகும்.

தோளில் எவ்வளவு இடி தாங்குவீர்கள் என்பதையும் நேர்மையாகப் பாருங்கள். மருந்து கூடிய பெரிய மக்னம் துவக்கு வாங்கிவிட்டு, இடிக்குப் பயந்து கண்ணை மூடி இழுப்பவர்களை நான் சுடுதளத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். 6.5இல் 10.1 கிராமை நுரையீரலுக்குள் வைப்பவர் அவர்களைவிட நூறு மடங்கு நல்ல வேட்டைக்காரர்.

ஒவ்வொரு வருடமும் பெரிய விலங்குக்குப் போகுமுன் சுடும் தேர்வு இருக்கிறது. நூறு மீற்றரில் கலைமான் படம், நெஞ்சில் முப்பது சென்ரிமீற்றர் வட்டம், ஐந்து குண்டும் அதற்குள் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் முப்பது பயிற்சிக் குண்டு. பலர் பயிற்சிக்கு மலிவான தோட்டா போடுவார்கள். நான் காட்டுக்குக் கொண்டுபோகும் அதே செம்பைத்தான் போடுகிறேன், விலை வலிக்கத்தான் செய்கிறது. இந்த வருடம் பதினெட்டு முடிந்திருக்கிறது, இன்னும் பன்னிரண்டு. மகளும் இந்த முறை தேர்வு எழுதியிருக்கிறாள், சனிக்கிழமை சுடுதளத்துக்கு வருகிறாள். அலுமாரிக்குள் இருந்த பழைய 6.5ஐ எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். ரோ மானுக்கு அது போதும், இடி குறைவு, அவளுக்கு எட்டு கிராம் செம்பு ஒரு பெட்டி வாங்கியாகிவிட்டது.